விலாவிலிருந்து பின்னோக்கி: தொலைதூர வேட்டைக்குத் தோட்டா தேர்வு

துப்பாக்கிக் கடைக்குப் புதிதாக வருபவர் முதலில் கேட்பது, "எது ரொம்ப தூரம் போகும்?" என்பதுதான். எல்லாமே போகும். சாதாரண .308 வின்செஸ்டர் குண்டைச் சற்று மேல்நோக்கிச் சுட்டால் இரண்டு மைலுக்கு அப்பால் போய் விழும். அந்தத் தூரத்தால் வேட்டைக்காரருக்கு எந்தப் பயனும் இல்லை. குண்டு விலங்கின் உடலைத் தொடும் கணத்தில் அதற்கு என்ன வேகம் மிச்சமிருக்கிறது, அந்த வேகத்தில் அது விரியுமா, குறித்த இடத்தில் போய்ச் சேருமா என்பவைதான் அவருக்குத் தேவையான விவரங்கள். ஆகவே இந்த அத்தியாயம் கடை அலமாரியிலிருந்து தொடங்காமல் விலங்கின் விலாவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறது. முதலில் விலங்கு, அடுத்து தூரம், பிறகு குண்டு, அதன் பிறகு உங்கள் தோள். தோட்டாவின் பெயர் கடைசியாகத்தான் வரும்.

பேச்செல்லாம் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களைப் பற்றியது: வயோமிங் புல்வெளியில் பிராங்ஹார்ன், கொலராடோ மலைச்சரிவில் மியூல் மானும் எல்க்கும். மறைவே இல்லாத திறந்த நிலம். நூறு கெஜத்துக்குள் நெருங்க முடியாத நாட்கள் அங்கே சகஜம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனது. ஊருக்குப் போகும்போது உதவும் என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம். அமெரிக்காவில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. அலுவலக நண்பர் சொன்னதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்; வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

விலங்கும் தூரமும்

குண்டு பாய வேண்டிய இடம் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி. பிராங்ஹார்னில் அது ஏறத்தாழ எட்டு அங்குல அகலம், மியூல் மானில் பத்து, எல்க்கில் ஒரு அடிக்குச் சற்று மேல். பிராங்ஹார்ன் கிடா ஐம்பது கிலோவை ஒட்டி இருக்கும். முழுதாக வளர்ந்த எல்க் காளை முந்நூறு கிலோவைத் தொடும். சிறிய விலங்குக்குத் துல்லியம் அதிகம் வேண்டும், பெரிய விலங்குக்கு ஊடுருவல் அதிகம் வேண்டும். இரண்டையும் ஒரே துப்பாக்கியால் வேட்டையாட நினைப்பவருக்குத்தான் தேர்வு சிக்கலாகிறது. மேற்கு மாநிலங்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

முந்நூறு கெஜத்துக்குள் என்றால் இந்த அத்தியாயமே தேவையில்லை. தாத்தா விட்டுப்போன .30-06 போதும், பக்கத்து வீட்டுக்காரர் விற்கும் .270 போதும். நூற்றாண்டு காலமாக எல்க்குகள் இவற்றால்தான் வீழ்ந்திருக்கின்றன. முந்நூறு முதல் ஐந்நூறு கெஜம் வரை உள்ளதைத்தான் இந்நூல் தொலைதூரம் என்கிறது. அதற்கு அப்பால் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. தோட்டாவுக்கு வலு இல்லாததால் அல்ல, விலங்கு உயிருள்ளது என்பதால். 6.5 கிரீட்மோர் குண்டு ஐந்நூறு கெஜத்தைக் கடக்க அரை வினாடிக்கு மேல், சுமார் 0.64 வினாடி எடுத்துக்கொள்கிறது. மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஒரு எட்டு எடுத்துவைக்க அது தாராளமான நேரம். நீங்கள் விசையை இழுத்தபோது நுரையீரல் இருந்த இடத்தில், குண்டு வந்து சேரும்போது குடல் இருக்கும். எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய மேக்னமும் இதைச் சரிசெய்யாது. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிவைத்த பூன் அண்டு கிராக்கெட் கிளப், தன் கருவியையும் குறிபார்க்கும் திறமையையும் சோதித்துப் பார்ப்பதற்காக விலங்கைச் சுடுவது வேட்டையே ஆகாது என்கிறது. அதோடு எனக்குச் சண்டை இல்லை.

ஒரே வேகத்தில் கிளம்பும் இரண்டு குண்டுகள்

தோட்டாவைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்களில் பாதி, குண்டையும் கூட்டையும் குழப்பிக்கொள்வதால் வருவது. பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் பிரைமர், நுனியில் குண்டு. இவை நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. குழலை விட்டு வெளியே போவது குண்டு மட்டும். அதன் பிறகு நடப்பதில் கூட்டின் பெயருக்கு எந்தப் பங்கும் இல்லை.

.30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற தோட்டா. அதில் பழைய பாணி 180 கிரெய்ன் குண்டை, முனையில் ஈயம் தெரிய, பின்புறம் தட்டையாக இருப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். குழல்வாயில் அதன் வேகம் வினாடிக்கு 2700 அடி. 2007இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மோரில், நீண்டு ஒடுங்கிப் பின்புறம் படகுபோலக் குறுகும் 143 கிரெய்ன் குண்டு. அதற்கும் குழல்வாயில் அதே 2700 அடி. கனம் கூடியது முதல் குண்டு. ஆகவே கிளம்பும்போது அதன் தாக்குசக்தி சுமார் 2900 அடி-பவுண்ட், கிரீட்மோருடையது 2300தான். கடைக்காரர் இதைக் காட்டி .30-06ஐ விற்றுவிடலாம்.

முந்நூறு கெஜத்தில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. ஆளுக்கு ஏறத்தாழ 1660. ஐந்நூறில் .30-06 குண்டு 1663 அடி வேகத்துக்கு இறங்கி 1105 அடி-பவுண்டோடு நிற்கிறது. கிரீட்மோர் குண்டுக்கு அங்கேயும் 2030 அடி வேகம், 1300 அடி-பவுண்ட் சக்தி. இளைத்த குண்டு பருத்த குண்டை வழியிலேயே முந்திவிட்டது. காரணம் காற்றின் தடை. குண்டு காற்றை எவ்வளவு சுலபமாகக் கிழித்துப் போகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், சுருக்கமாக பி.சி., என்று பெயர். தோட்டாப் பெட்டியிலோ நிறுவனத்தின் அட்டவணையிலோ இருக்கும். இந்த கிரீட்மோர் குண்டுக்கு அது .625. கடையில் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. குழல்வாய் வேகம் இரண்டாவது.

.30-06 காலாவதியாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதே கூட்டில் நீண்டு ஒடுங்கிய 178 கிரெய்ன் குண்டைப் பொருத்திச் சுட்டால் ஐந்நூறு கெஜத்தில் 2000 அடியை ஒட்டி வந்து நிற்கிறது. துப்பாக்கியை மாற்றாமல் பெட்டியை மாற்றியே பாதி வேலையை முடித்துவிடலாம். இதை எந்தக் கடையிலும் உங்களுக்கு முதலில் சொல்லமாட்டார்கள்.

காற்று

குண்டு தாழ்வதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இருநூறு கெஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்த கிரீட்மோர், ஐந்நூறில் ஏறக்குறைய 45 அங்குலம் தாழும். கேட்பதற்குத்தான் பெரிய எண். லேசர் தூரமானி தூரத்தைச் சொல்லும், ஸ்கோப்பின் திருகைக் கணக்குப்படி திருப்பினால் தீர்ந்தது. புவியீர்ப்பு நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

பக்கக் காற்று அப்படியல்ல. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, ஐந்நூறு கெஜத்தில் மேலே சொன்ன பழைய பாணி .30-06 குண்டை சுமார் 27 அங்குலம் ஒதுக்கித் தள்ளும். கிரீட்மோரை 15 அங்குலம். 2022இல் வந்த 7 எம்.எம். பி.ஆர்.சி., 175 கிரெய்ன் குண்டை 3000 அடி வேகத்தில் அனுப்புகிறது. அதையும் ஏறக்குறைய 12 அங்குலம். முதல் இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம். கிரீட்மோருக்கும் பெரிய மேக்னத்துக்கும் இடையே மூன்றே அங்குலம்.

காற்றை ஐந்து மைல் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மலைச்சரிவில் உங்கள் கன்னத்தில் படும் காற்று வேறு, பள்ளத்தாக்கின் நடுவில் ஓடுவது வேறு, மான் நிற்கும் எதிர்ச்சரிவில் இருப்பது வேறு. ஐந்து மைல் பிழை தேர்ந்தவர்களுக்கும் நேர்வதுதான். ஐந்நூறு கெஜத்தில் அந்தப் பிழை கிரீட்மோர் குண்டை ஏழரை அங்குலம் விலக்கும், 7 எம்.எம். பி.ஆர்.சி. குண்டை ஆறு அங்குலம். பிராங்ஹார்னின் உயிர்ப்பகுதி நடுவிலிருந்து நான்கு அங்குலம்தான். இரண்டுமே தப்பு! முந்நூறு கெஜத்திலோ அதே பிழையால் கிரீட்மோர் விலகுவது இரண்டரை அங்குலம்; மான் விழும். இருநூறு கெஜம் நெருங்கிப் போவதால் கிடைக்கும் லாபத்தை எந்தத் தோட்டாவும் தருவதில்லை. புல்லில் தவழ முழங்கால் வலிக்கும் என்பது ஒன்றுதான் செலவு.

விரிய வேண்டும்

வேட்டைக் குண்டு உடலுக்குள் புகுந்ததும் முனை மலர்ந்து அகல வேண்டும். மலராத குண்டு ஊசித் துளையாகப் போய்விடும். விலங்கு ஓடிப்போய் எங்கோ மணிக்கணக்கில் கிடந்து சாகும். ஒவ்வொரு குண்டுக்கும் அது மலர்வதற்கான குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு; தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். தொலைதூரத்துக்கென்று செய்த ஈயக் குண்டுகளில் ஹார்னடியின் இ.எல்.டி.-எக்ஸ் 1600 அடி வரை இறங்கலாம். நோஸ்லரின் அக்குபாண்ட் லாங் ரேஞ்ச் 1300 வரை. முழுக்கச் செப்பாலான குண்டுகள் பலவற்றுக்கு 1800 முதல் 2000 வரை வேண்டும். செப்பு ஈயத்தைவிடக் கெட்டி. அவ்வளவு சுலபமாக மலராது. எடையிலும் லேசு என்பதால் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். செப்பைச் சுடுபவர் தன் எல்லையைக் குறைந்தது நூறு கெஜமாவது முன்னே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணக்கு.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. மெல்லிய உறை போட்ட நீண்ட குண்டு, 3000 அடி வேகத்தில், ஐம்பது கெஜத்தில் எல்க்கின் தோள் எலும்பில் மோதினால் உள்ளே போகாமல் மேலேயே சிதறிவிடலாம். தொலைவுக்கென்று கிளம்பிய நாளில்தான் காளை புதரிலிருந்து முப்பது கெஜத்தில் எழுந்து நிற்கும். எல்க் வேட்டைக்கு, உறையும் ஈயமும் ஒட்டவைக்கப்பட்ட குண்டையே நான் விரும்புவேன், பி.சி. கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

தாக்குசக்திக்கு வேட்டைக்காரர்களிடையே ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: மானுக்கு ஆயிரம் அடி-பவுண்ட், எல்க்குக்கு ஆயிரத்து ஐந்நூறு. இது விஞ்ஞானம் இல்லை, வழக்கம். ஆனாலும் கைப்பிடிச் சுவராக உதவும். கிரீட்மோரின் 143 கிரெய்ன் குண்டு நானூறு கெஜத்தில் 1475க்கு வந்துவிடுகிறது. ஆக எல்க் என்றால் அந்தத் தோட்டாவுக்கு நானூறு கெஜத்துக்கு முன்பே கோடு போட்டுக்கொள்ளலாம்.

முறுக்கு

நீண்ட குண்டு தலைகுப்புற உருளாமல் பறக்க வேண்டுமென்றால் வேகமாகச் சுழல வேண்டும். சுழற்றுவது குழலின் உட்புற மரை. எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதே அதன் முறுக்கு. 1925இல் வந்த .270 வின்செஸ்டருக்கு வழக்கமான முறுக்கு பத்து அங்குலத்துக்கு ஒன்று. 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையில் ஜாக் ஓ'கானர் காலமெல்லாம் அதன் புகழ் பாடினார். 130 கிரெய்ன் குண்டுக்கு அந்த முறுக்கு தாராளம். ஆனால் இன்றைய நீண்ட கனத்த குண்டுகளை அந்தக் குழல் தாங்கிப்பிடிக்காது. அதனால்தான் 2021இல் அதே விட்டத்தில், இன்னும் இறுகிய முறுக்கோடு 6.8 வெஸ்டர்ன் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். 1962இன் 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னத்துக்கு ஒன்பது, ஒன்பதரை அங்குலம், 7 எம்.எம். பி.ஆர்.சி.க்கு எட்டு. புதிய தோட்டாக்களின் நிஜமான முன்னேற்றம் இதில்தான் இருக்கிறது. வெடிமருந்தில் மந்திரம் எதுவும் நடந்துவிடவில்லை.

உண்மையில் இந்த யோசனையும் பழசுதான். 1890களில் ஸ்வீடனும் நார்வேயும் ராணுவத்துக்குச் செய்துகொண்ட 6.5x55 தோட்டா, எட்டு அங்குலத்தை ஒட்டிய முறுக்கோடு 156 கிரெய்ன் குண்டை எறிந்தது. ஜிம் கார்பெட்டின் புலிக்கதைகளைத் தமிழில் படித்தவர்களுக்கு அவர் கையில் இருந்த .275 ரிக்பி நினைவிருக்கலாம். அது ஜெர்மானிய 7x57 மௌசரின் ஆங்கிலப் பெயர். இன்றைய 7 எம்.எம். பி.ஆர்.சி.க்கும் குண்டின் விட்டம் அதுவேதான். நம் பக்கத்துக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சனோ .405 வின்செஸ்டர் வைத்திருந்தார்: பருத்த, மொட்டை முனைக் குண்டு. லந்தானா புதருக்குள் இருபது கெஜத்தில் வரும் புலிக்கு அது சரி. வயோமிங் புல்வெளிக்கு அதைக் கொண்டுபோக முடியாது. எந்த நிலத்துக்கு என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் 'நல்ல தோட்டா' என்று ஒன்றும் கிடையாது.

உங்கள் தோள்

எட்டு பவுண்ட் துப்பாக்கியில் .300 வின்செஸ்டர் மேக்னத்தின் உதை, கிரீட்மோரைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு குண்டு சுடும்போது அது பெரிய விஷயமில்லை. முப்பதாவது குண்டில் தெரியும். உதையை எதிர்பார்த்து, விசையை இழுக்கும் முன்பே உடல் தானாகக் கூசும். கண் இமைக்கும், தோள் முன்னே தள்ளும். தனக்கு அப்படி ஆவதில்லை என்று சொல்லாதவர் குறைவு. நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைக் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒரு முறை குழல்முனை எவ்வளவு ஆடுகிறது என்று அவர் பார்த்துச் சொல்வார்.

குழல்முனையில் மஸல் பிரேக் பொருத்தினால் உதை குறையும். ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். பக்கத்தில் நிற்கும் வழிகாட்டி உங்களை மனசார வைவார். சட்டம் அனுமதிக்கும் மாநிலத்தில், சத்தத்தையும் அடக்கும் சப்ரஸர் அதைவிட நல்லது, நீளமும் எடையும் கூடும் என்றாலும். அட்டவணையில் உள்ள வேகமெல்லாம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. மலையேற வசதியாக 20 அங்குலக் குழல் வாங்கினால், அங்குலத்துக்கு 20, 30 அடி வேகம் என்று கழித்துக்கொள்ளுங்கள்.

குழலும் தேயும் பொருள்தான். சிறிய துளைக்குள் ஏராளமான மருந்தை எரிக்கும் .26 நோஸ்லர் போன்றவை ஆயிரம் குண்டுக்குள்ளேயே துல்லியத்தை இழக்கத் தொடங்கலாம். கிரீட்மோர் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். பயிற்சிக்குச் சுடத் தயங்கவைக்கும் தோட்டா, தொலைதூரத்துக்கு ஏற்ற தோட்டா ஆகாது.

இனி பெயர்கள்

பிராங்ஹார்னும் மானும் மட்டும் என்றால், நானூறு கெஜம் வரை 6.5 கிரீட்மோர். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். உதை குறைவு, பெட்டி எங்கும் கிடைக்கும், எட்டு அங்குல முறுக்கு எந்தத் துப்பாக்கியிலும் உண்டு. 7 எம்.எம்.-08 ரெமிங்டனும் அதே வேலையைச் செய்யும். சின்னக் கடைகளில் தேட வேண்டியிருக்கும்.

எல்க்கும் வேண்டும், உதையையும் ஓரளவு தாங்க முடியும் என்பவருக்கு 7 எம்.எம். ஒரு நல்ல இடைவழி. ஏற்கெனவே 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் வைத்திருந்தால் அதை விற்காதீர்கள். ஐந்நூறு கெஜத்துக்குள் அது எதிலும் குறைவில்லை. புதிதாக வாங்குவதென்றால் 7 எம்.எம். பி.ஆர்.சி. வாங்கலாம். கிரீட்மோருக்கும் இந்த 7 எம்.எம். தோட்டாக்களுக்கும் நடுவே 2018இல் வந்த 6.5 பி.ஆர்.சி. இருக்கிறது, கிரீட்மோரின் குண்டையே 2960 அடியில் அனுப்பும். .300 வின்செஸ்டர் மேக்னம், .300 பி.ஆர்.சி. ஆகியவற்றை, வருடம் முழுக்கச் சுடும் இடத்துக்குப் போகிறவருக்குத்தான் சொல்வேன். சீசனுக்கு முந்தின வாரம் ஒரு பெட்டி வாங்குகிறவர் அவற்றைத் தொடாமல் இருப்பது எல்க்குக்கும் நல்லது.

.308 வைத்திருப்பவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசுகிறார்கள். வேண்டியதில்லை. நல்ல குண்டு, முந்நூற்றைம்பது கெஜம்; மானுக்கு அது நிறைவான துப்பாக்கி.

சட்டத்தை மாநிலவாரியாகப் பாருங்கள். கொலராடோவில் குண்டின் விட்டம் குறைந்தது .24 இருக்க வேண்டும். எடை மானுக்கு 70 கிரெய்ன், எல்க்குக்கு 85. நூறு கெஜத்தில் ஆயிரம் அடி-பவுண்ட் சக்தி. இங்கே சொன்ன எல்லாத் தோட்டாக்களும் அதைத் தாண்டிவிடும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செத்த விலங்கின் ஈயத் துகளைத் தின்று காண்டோர் கழுகுகள் மடிந்ததன் விளைவு அது. அங்கே வேட்டையாடுபவர் மேலே சொன்ன செப்புக் கணக்கை முதலிலேயே போட வேண்டும். ஐடஹோவில் ஸ்கோப், வார் எல்லாம் சேர்த்துத் துப்பாக்கி 16 பவுண்டைத் தாண்டக் கூடாது.

வாங்கிய பிறகு

பெயரை முடிவுசெய்ததும் ஒரே வகையில் இருபது பெட்டி வாங்கிக் குவிக்காதீர்கள். இரண்டு மூன்று நிறுவனங்களின் குண்டுகளை ஒவ்வொரு பெட்டி எடுத்து, உங்கள் குழல் எதை விரும்புகிறது என்று பாருங்கள். ஒரே அச்சில் வந்த இரண்டு துப்பாக்கிகள்கூட இதில் ஒத்துப்போவதில்லை. சுடும் மேசையில் மணல்மூட்டைமேல் வைத்துச் சுடுவது இந்தத் தேர்வுக்கு மட்டும். உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க மேசையை விட்டு இறங்கி, முதுகுப் பையைத் தரையில் போட்டு அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, சூடாகாத குழலிலிருந்து ஒரே ஒரு குண்டு சுடுங்கள். இலக்கு எட்டு அங்குலக் காகிதத் தட்டு. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு காற்றில், அந்த முதல் குண்டு எந்தத் தூரம் வரை தட்டைத் தவறவிடவில்லையோ அதுவே இந்த சீசனில் உங்கள் தூரம். பெட்டியின் அட்டவணை எண்ணூறு கெஜம் வரை நீண்டிருக்கலாம். அது குண்டின் தூரம்.

கூட்டின் அடியில் பொறித்த பெயரும் குழலில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். '6.5' என்றும் '7 எம்.எம்.' என்றும் தொடங்கும் பெயர்கள் பெருகிவிட்டன. மாற்றிப் போட்டுச் சுட்டால் கூடு கிழிந்து, சூடான வாயு முகத்தில் அடிக்கும். ஒத்துவரும் பெட்டி எதுவென்று தெரிந்ததும், மடலில் அச்சிட்ட லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு அதே எண்ணில் சீசனுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த லாட்டில் வேகம் சற்று மாறும், ஸ்கோப்பை மறுபடி சரிபார்க்க வேண்டிவரும். அதை அக்டோபரில் மலை அடிவாரத்து முகாமில் செய்வதைவிட ஆகஸ்டில் செய்வது எளிது.